ஊவா மலையில் இரண்டு பக்கற் திரிபோஷா

இலங்கையிலேயே மிக உயரத்தில் அமைந்த புகையிரத நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது. அதைத் தாண்டியதும் பாதை ஒரு மலைச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. சுரங்கத்தின் இந்தப் பக்கம் மத்திய மாகாணம். அந்தப் பக்கம் ஊவா மாகாணம். 2024 ஆகஸ்ட் மாதத்தில் நானும் மனைவியும் பதுளைப் புகையிரதத்தில் சென்றபோது இந்தப் பக்கம் தூறலும் மூடுபனியுமாக இருந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் சுள்ளென்ற வெயில், பலத்த காற்று. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், அம்மாதங்களில் ஊவாவுக்கு மிஞ்சுவது வரண்ட காற்று மட்டுமே. ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தேடிக் கொடுப்பது அந்தக் காற்றுத்தான்.

அப்புத்தளையில் இறங்கினோம். மலை முகட்டின் மேல் அமைந்த சிறு நகரம் அது. தெற்கே பார்த்தால் மலை சட்டென்று சரிந்து சமவெளி விரிகிறது. கிழக்கே தம்பேதென்னையில், தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. மேற்கே பொரலந்த, குருத்தலாவ வழியாக வெலிமடைக்குப் பாதை செல்கிறது. அந்தப் பாதை நெடுகிலும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா, கரட், போஞ்சித் தோட்டங்கள். கொழும்புச் சந்தைக்கு வரும் மரக்கறியில் பெரும் பங்கு இந்த மலைகளிலிருந்துதான் வருகிறது. சிங்கள விவசாயக் கிராமங்கள், மலையகத் தமிழர் வாழும் தேயிலைத் தோட்டங்கள், குருத்தலாவ போன்ற முஸ்லிம் ஊர்கள் ஆகிய மூன்றும் ஒரே பஸ் பாதையில் அடுத்தடுத்து வருவதை இங்கே காணலாம்.

நாங்கள் போன காரியம் குடும்ப காரியம். மனைவியின் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் புகுந்த ஊர் அந்தப் பக்கம். பிள்ளையைப் பார்த்து துஆச் செய்துவிட்டு நான்கு நாட்கள் தங்கி வருவதாக ஏற்பாடு. அந்த நான்கு நாட்களில் மூன்று வகைக் குடும்பங்களின் அடுப்படியை மனைவி பார்த்தார். நான் வாசலில் ஆண்களுடன் கதைத்துக்கொண்டிருந்தேன். மூன்று இடத்திலும் எங்கள் கண்ணில் பட்ட பொருள் ஒன்றே. அதுதான் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷா மாப் பக்கற்.

திரிபோஷா என்றால் என்ன?

சகோதரிகளில் அநேகர் இதைக் கிளினிக்கில் வாங்கியிருப்பீர்கள். ஆயினும் இதன் கதையைச் சுருக்கமாகச் சொல்வது நல்லது. ‘திரிபோஷ’ என்ற சிங்களச் சொல்லுக்கு மும்மடங்குப் போஷாக்கு என்பது பொருள். சக்தி, புரதம், நுண்போசணைகள் ஆகிய மூன்றையும் அது குறிக்கிறது. கெயார் நிறுவனத்தினதும் அமெரிக்க உதவியினதும் துணையோடு சுகாதார அமைச்சு 1973ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. சோளமும் சோயா அவரையும் பதப்படுத்தி அரைத்து, பால்மாவும் விற்றமின்களும் கனிமங்களும் சேர்த்துத் தயாரிக்கப்படும் மா இது. ஏற்கெனவே வெந்த மா என்பதால் அடுப்பில் வைக்காமலே குழைத்து உண்ணலாம்.

கர்ப்பிணித் தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கு முதல் ஆறு மாதங்களுக்கும், நிறை குறைந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் உரியதென இது வகுக்கப்பட்டது. ஒருவருக்கு மாதம் இரண்டு பக்கற். ஒரு பக்கற் 750 கிராம். இரண்டும் சேர்ந்தால் 1,500 கிராம். நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் ஒருவர் உண்டால் சரியாக முப்பது நாட்களுக்கு வரும். இந்தக் கணக்கைச் சகோதரிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

நமது நாட்டில் உணவு நிவாரணம் புதிய விடயம் அல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. 1953இல் அரிசி மானியத்தைக் குறைத்ததால் எழுந்த ஹர்த்தால் பிரதம மந்திரியையே பதவி விலக வைத்தது. 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும என்று பெயர்கள் மாறி வந்துள்ளன. கர்ப்பிணித் தாய்மாருக்கு 20,000 ரூபா பெறுமதியான போஷாக்குப் பொதித் திட்டம் 2015இல் அறிமுகமானது. இத்தனைக்கு நடுவிலும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றி இருப்பதாகக் கண்டது. தோட்டப் பகுதிகளில் மட்டும் இத்தொகை ஏறக்குறைய 32 ஆகும். நாட்டுக்கே மரக்கறி கொடுக்கும் மலைகளில் வாழும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் அடங்குகிறார்கள்.

இத்தகைய உதவிகளைப் பற்றி ஆராய வருகிறவர்கள் குடும்பங்களிடம் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. “கிடைப்பதில் உங்களுக்குத் திருப்தியா?” என்பதே அது. மனைவியும் பேச்சோடு பேச்சாக மூன்று வீடுகளிலும் அதைக் கேட்டார். கிடைத்த பதில்கள் எங்களைச் சிந்திக்க வைத்தன.

முதலாவது வீடு: அரிசி டின்னுக்குப் பின்னால்

முதலாவது, நாங்கள் தங்கியிருந்த வீடு. மருமகனுக்குப் பஸாரில் கடை இருக்கிறது. குடும்பத்தில் பசி பட்டினி கிடையாது. பிள்ளை பெற்றவளிடம் மனைவி, “கிளினிக்ல திரிபோஷா தாராங்களா மகள்?” என்று கேட்டார்.

“தாராங்க பெரியும்மா. அல்ஹம்துலில்லாஹ், குறை சொல்ல ஒண்டும் இல்ல. மிட்வைப் மிஸ்ஸும் ஊட்டுக்கே வந்து பாத்துட்டுப் போறாங்க” என்றாள்.

பூரண திருப்தி! ஆனால் மறுநாள் அடுப்படியில் தேங்காய் துருவ உட்கார்ந்த மனைவியின் கண்ணில், அரிசி டின்னுக்குப் பின்னால் உடைக்கப்படாத மூன்று பக்கற்றுகள் பட்டன. விசாரித்தபோது மாமியார் முந்திக்கொண்டு பதில் சொன்னார்:

“எங்கட ஊட்ல சாப்பாட்டுக்குக் கொறையா மகள்? அது இல்லாதவங்களுக்குக் குடுக்கிற மாவு. மிஸ் மனம் நோகப்படாதெண்டு வாங்கி வெச்சிருக்கோம். ஒரு பக்கற்ற வேலைக்கு வார மனிசிக்குக் குடுத்திட்டேன்.”

அதில் என்ன கலந்திருக்கிறதோ என்ற சந்தேகமும் அந்த மூதாட்டிக்கு இருந்தது. இந்தச் சந்தேகத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. உணவில் மருந்து கலக்கிறார்கள் என்ற பேச்சு நமது நாட்டில் எவ்வளவு தீங்கு செய்தது என்பதை நாம் அறிவோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பின்னர் அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. ஒரு பக்கத்தில் கிளம்பும் வதந்தி மறுபக்கத்திலும் அச்சத்தை விதைத்துவிட்டுப் போகிறது. நான் பக்கற்றைக் கையில் எடுத்து, அதில் அச்சிட்டிருந்தவற்றை அந்த மூதாட்டிக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். சோளம், சோயா, பால்மா, விற்றமின் என்று கேட்டதும், “அப்ப சரி ஹஸரத், இத முன்னமே ஒருத்தரும் சொல்லல்லயே” என்றார்.

இந்த வீட்டில் உணவுக்குப் பஞ்சம் இல்லை என்பது உண்மை. ஆனால் பிள்ளை பெற்றவளின் தட்டில் என்ன இருந்தது? குளிர்ச்சி என்று பல மரக்கறிகள் விலக்கு. விருந்தினர் உண்டு, ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்ட பிறகு கடைசியாக உண்பவள் அவள்தான். குழந்தையோ இரவு பகலாகப் பால் குடிக்கிறது. நாள்தோறும் ஐம்பது கிராம் திரிபோஷா அவளுக்குத் தேவையானதாகவே இருந்தது. ‘இல்லாதவர்களின் மா’ என்ற கூச்சம் அதை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டது.

இரண்டாவது வீடு: கோபக்காரத் தாய்

இரண்டாவது வீடு பொரலந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமம் ஒன்றில். மருமகனுக்கு உருளைக்கிழங்கு கொடுக்கும் விவசாயியின் வீடு அது. தேநீருக்கு அழைத்தார்கள். மனைவிக்குச் சிங்களம் நன்றாக வரும். அந்த வீட்டுத் தாய்க்கு நான்கு வயதை எட்டும் ஒரு மகன். “திருப்தியா நங்கி?” என்று கேட்டதுதான் தாமதம், அவள் பொரிந்து தள்ளிவிட்டாளாம்.

“திருப்தியா அக்கே? 2022இல் இவனுக்கு ஒன்றரை வயது. அப்போது பார்த்துத் திரிபோஷாவை நிறுத்திவிட்டார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மாதக் கணக்காக இல்லை, இல்லை என்றே சொன்னார்கள். இப்போது தருகிறார்கள். ஒரு மாதம் முதல் வாரத்தில் வருகிறது, ஒரு மாதம் கடைசி வாரத்தில் வருகிறது. நானும் போய்க் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்” என்றாள்.

அவளது கோபத்தில் நியாயம் இருந்தது. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டதால் சோள விளைச்சல் வீழ்ந்தது. அடுத்த வருடம் டொலர் நெருக்கடி வந்தது. சோளம் இல்லாமல் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. சோளத்தில் உண்டாகும் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நச்சு பற்றிய சர்ச்சையும் எழுந்தது. சிறு குழந்தைகளுக்கான நச்சு அளவு மிகக் கடுமையாக வரையறுக்கப்பட்டிருந்ததால், மூன்று வயதுக்குக் குறைந்தோருக்கான விநியோகமே முதலில் நின்றது. பிள்ளையின் வளர்ச்சிக்கு அதிமுக்கியமான வயதும் அதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு குறை சொன்ன இந்தத் தாய்தான் திரிபோஷாவைச் சரியாகப் பயன்படுத்தியவள். அதற்கென்று ஒரு கோப்பை வைத்திருந்தாள். காலையில் தேங்காய்ப் பூவும் சிறிது சர்க்கரையும் சேர்த்து அக்கலா உருண்டை பிடித்து மகனுக்குக் கொடுப்பாளாம். மகனின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் தானாகவே எடுத்து வந்து மனைவிக்குக் காட்டினாள். நிறைக்கோடு செம்மஞ்சள் பகுதியிலிருந்து பச்சையை நோக்கி ஏறியிருந்தது. 2022இல் கோடு எங்கே படுத்தது என்றும் விரலால் தொட்டுக் காட்டினாளாம்.

அவளால் ஏன் அப்படிக் கேட்க முடிந்தது? கிளினிக்கில் பேசுவது அவளது மொழி. பதிவேடு அவளது மொழியில். குடும்ப நல உத்தியோகத்தர் அடுத்த ஊர்க்காரி. பக்கற் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பது அவளுக்குத் தெரியும். கேட்டால் பதில் வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

மூன்றாவது வீடு: பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள்

மூன்றாவது வீடு ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. மருமகனின் கடையில் வேலை செய்யும் இளைஞர் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவருடைய அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். இளையவளுக்கு நான்கு வயது. பார்வைக்கு இரண்டரை வயதுதான் மதிக்கலாம். கிழவரான தகப்பனும் அதே காம்பராவில் இருந்தார்.

மனைவி கேட்ட கேள்விக்கு அந்தத் தாய் சிரித்தாள். “என்னாங்கம்மா கொற சொல்றது? குடுத்தா வாங்கிக்கிறோம். குடுக்காட்டி என்னா செய்றது? குடுக்கிறதே பெருசுதான். சந்தோசந்தாங்க” என்றாள்.

“மாசா மாசம் கிடைக்கிறதா?” என்று கேட்டபோதுதான் விபரம் வந்தது. கிளினிக் நாளில் அவள் மலைக்குப் போனால் கிளினிக் தவறிவிடும். கிளினிக்குப் போனால் அரைப்பேர் போய்விடும். அப்போது முழுநாட் சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. 1,350 ரூபாவாக உயர்ந்தது 2024 செப்டெம்பரில்தான். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போவாள். வாங்கிய இரண்டு பக்கற்றும் நான்கைந்து நாட்களில் முடிந்துவிடும். கோதுமை மாவோடு கலந்து ரொட்டி சுட்டால் எல்லாரும் உண்ணலாம் அல்லவா?

“சின்னவளுக்கு மட்டும் தனியாகக் கொடுக்கலாமே?” என்று மனைவி மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

“அவளுக்கு மட்டும் எப்புடிங்கம்மா குடுக்கிறது? மத்ததுங்க ரெண்டும் பாத்துக்கிட்டு நிக்கும்ல. அப்பாவும் வயசாளி.”

இதற்கு மனைவியிடம் பதில் இல்லை. எந்தத் தாயிடமும் பதில் இருக்காது. முன்பு சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஐம்பது கிராமை ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பத்துக் கிராம். மாதம் இரண்டு பக்கற் இரண்டு மாதத்துக்கு இரண்டாகிவிட்டால் ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டி அளவு!

அந்தச் சிறுமியின் பதிவேடும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அது சிங்களப் பிரதி. தமிழ்ப் பிரதி அப்போது முடிந்துவிட்டது என்று சொன்னார்களாம். நிறைக்கோடு சிவப்புப் பகுதியில் கிடந்தது. அதன் பொருள் என்னவென்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. கிளினிக்கில் ஏதோ சொன்னார்கள், தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன் என்றாள். தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் சொல்கிறது. அது இந்த லயத்து வாசல் வரை இன்னும் வந்து சேரவில்லை.

பிள்ளைக் காம்பராவில் கண்டது

திரும்பும் வழியில் அத்தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவை எட்டிப் பார்த்தோம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பொறுப்பாக இருந்த அம்மையார் அத்தோட்டத்திலேயே பிறந்து க.பொ.த. சாதாரண தரம் வரை படித்தவர். அங்கே ஒரு மேசையில் எட்டுத் திரிபோஷாப் பக்கற்றுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர்.

“வீட்ல வெச்சா எல்லாரும் சாப்புட்றுவாங்கனு தாய்மாரே சொன்னாங்க. அதனால இங்க கொண்டாந்து குடுத்துருங்கனு சொல்லிட்டேன். காலையில பத்து மணிக்கி அந்தந்தப் புள்ளைக்கிக் கரைச்சுக் குடுத்துருவேன். மத்த புள்ளைங்களுக்கு அந்த நேரத்துல பிஸ்கட் குடுப்பேன். அப்ப யாரும் பாத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க” என்றார்.

அந்தத் தாய் ஏன் தன் மகளின் பக்கற்றை இங்கே தரவில்லை என்று கேட்டோம். பிள்ளையைப் பாட்டனாரே பார்த்துக்கொள்வதால் அவள் காம்பராவுக்கு வருவதில்லை என்றார். நாளையே அழைத்துப் பேசுவதாகவும் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொரு செய்தியும் முக்கியமானது. சில வருடங்களுக்கு முன் அப்பகுதிக்கு ஒரு சிங்களக் குடும்ப நல உத்தியோகத்தர் வந்திருக்கிறார். வரும்போது ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. தோட்டத்துப் பெண்களிடமே கேட்டுக் கேட்டு இரண்டு வருடத்தில் தமிழ் பேசப் பழகிவிட்டாராம். “அந்த மிஸ்ஸி இருந்தப்ப எங்க பொம்பளைங்க கேள்வியெல்லாம் கேட்டாங்க. சண்டையும் போட்டாங்க. மாவு லேட்டா வந்தா ஏன்னு கேட்டாங்க. அவங்க மாறிப்போன பொறகு மறுபடியும் தலையாட்டுறதுதான்” என்றார். சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்பது அந்தப் பெண்களுக்குப் பெரிதாகப் படவில்லை. தாம் பேசுவது அவருக்கு விளங்கியது. அவர் பேசுவது தமக்கு விளங்கியது. அவ்வளவுதான்.

திருப்தி என்ற சொல்

மூன்று வீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். திருப்தி என்று சொன்ன இரண்டு வீடுகளிலும் மா உரியவரின் வாய்க்குப் போகவில்லை. திருப்தி இல்லை என்று கோபித்த வீட்டில்தான் போனது. ‘திருப்தியா?’ என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போகிறவரின் தாளில், தோட்டத்துத் தாய் மிகவும் மகிழ்ந்தவளாகவும் கிராமத்துத் தாய் மிகவும் குறைபட்டவளாகவும் பதிவாகியிருப்பார்கள்.

மூன்று வீடுகளை வைத்து மூன்று சமூகங்களை எடை போட்டுவிட முடியாது. முஸ்லிம் வீடுகள் எல்லாம் பக்கற்றை ஒளித்து வைக்கின்றன என்றோ, தோட்டத்துத் தாய்மார் எல்லாரும் தலையாட்டுகிறார்கள் என்றோ நான் சொல்லவில்லை. எட்டுப் பெயர் எழுதிய எட்டுப் பக்கற்றுகளும் தோட்டத்தில்தான் இருந்தன. ஆயினும் எவரும் எதிர்பார்க்கும் அளவைக் கொண்டே திருப்தி அமைகிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, எஞ்சியோர் 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே பிரஜாவுரிமை பெற்ற மக்கள் அவர்கள். சமுர்த்தி போன்ற உதவிகளும் தோட்டங்களை மிகவும் பிந்தியே எட்டிப் பார்த்தன. பாட்டன் காலத்திலிருந்து ‘இல்லை’ என்ற சொல்லையே கேட்டு வந்தவருக்கு, எப்போதாவது கிடைக்கும் ஒரு பக்கற்கூடப் பெரிதாகத்தான் தோன்றும்.

நம் வீட்டுத் திருப்தியோ வேறு வகை. குறை சொல்வது ஷுக்ருக்கு மாற்றம் என்ற எண்ணம் நமது பெண்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. போதுமென்ற மனம் மிக உயர்ந்த குணம் என்பதில் ஐயமில்லை. நான் வகுப்பில் கற்பிப்பதும் அதைத்தான். ஆனால் அந்தக் குணம் தனது பங்கைப் பற்றியது. என் தட்டில் குறைந்தால் நான் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் தட்டில் குறைந்தால் அதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது? பிள்ளையின் பங்கு என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தில் குறைவு வந்தால் கேட்பதே கடமை.

பாலூட்டும் தாய் தனக்கு வரும் உணவையும் தனது பங்காக மட்டும் எண்ணிவிடக் கூடாது. அதில் பால் குடிக்கும் சிசுவின் பங்கும் இருக்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும், தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால், ரமழான் நோன்பிலேயே மார்க்கம் சலுகை அளித்திருப்பதை நாம் அறிவோம். அப்படியிருக்க, கூச்சத்துக்காக அவளது உணவை அரிசி டின்னுக்குப் பின்னால் வைப்பது எந்த வகையில் நியாயம்?

நாம் செய்யக்கூடியவை

எனவே, ‘திருப்தியா?’ என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் மாதம் ஒருமுறை வேறு நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இம்மாதம் எத்தனை பக்கற் கிடைத்தது? அது எத்தனை நாளில் முடிந்தது? யார் யார் உண்டார்கள்? பிள்ளையின் நிறைக்கோடு ஏறியதா, படுத்ததா? இவற்றுக்குப் பதில் சொல்லப் படிப்புத் தேவையில்லை. பதிவேட்டின் நிறங்களை அறிந்துகொண்டால் போதும். பச்சை நல்லது, செம்மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் தாமதிக்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போக வேண்டும்.

பதிவேட்டில் ஒரு சொல் விளங்காவிட்டாலும் விளங்கும் மொழியில் சொல்லித் தரும்படி கேளுங்கள். தமிழ்ப் பிரதி வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்பதால் உத்தியோகத்தரை அவமதித்ததாகாது. ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் மழையிலும் வெயிலிலும் வீடு வீடாக நடக்கும் பெண்கள் அவர்கள். கேள்வி கேட்கும் தாயை அவர்களில் அநேகர் விரும்பவே செய்கிறார்கள்.

மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா? நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா கொடுக்கும் அதே நேரத்தில் அவர்கள் கையில் ஒரு வாழைப்பழத்தையோ அவித்த கடலையையோ கொடுத்துவிடுங்கள். பிள்ளைக் காம்பரா அம்மையாரிடம் நாங்கள் கற்ற பாடம் இது.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. கிளினிக் நாளில் மனைவியை அனுப்பிவிட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. வீட்டில் கடைசியாக உண்பவள் யார் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் ஊர்க் கிளினிக் நாளை அறிவித்து, தூரத்து வீட்டுத் தாய்மாருக்கு ஓர் ஓட்டோவை ஒழுங்கு செய்யலாம். அந்த ஓட்டோவில் பக்கத்துத் தோட்டத்துத் தாய்க்கும் ஓர் இடம் கொடுத்தால் அவளுடைய அரைப்பேர் தப்பும்.

நாங்கள் ஊர் திரும்பி மூன்று வாரத்தில் மனைவியின் தங்கை மகள் தொலைபேசியில் பேசினாள். மாமியாரே காலையில் திரிபோஷாவைத் தேங்காய்ப்பால் கஞ்சியில் கரைத்து, முன்னால் உட்கார்ந்து குடிக்க வைக்கிறாராம். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் தானே பதிவேட்டை நீட்டிக் கேள்வி கேட்டதாகவும் சொன்னாள். பிள்ளைக் காம்பராவில் ஒன்பதாவது பக்கற் வந்துவிட்டதா என்று மனைவி விசாரிக்கச் சொன்னார். கடையில் வேலை செய்யும் அந்த இளைஞரிடம் கேட்டுச் சொல்வதாக அவள் சொல்லியிருக்கிறாள்.